கம்பெனியின் கடன் பங்காகிறது, படகுக்காரர் வீட்டு நகை ஏலத்துக்குப் போகிறது

மாண்புமிகு ஒன்றிய நிதி அமைச்சர் அவர்களுக்கு,

போன மாதக் கடைசியில் உங்கள் அரசு எடுத்த ஒரு முடிவைப் பற்றித்தான் இந்த மடல். வோடபோன் ஐடியா நிறுவனம் அலைக்கற்றைக்காக அரசுக்குக் கட்ட வேண்டிய பாக்கியில் 36,950 கோடி ரூபாயைப் பணமாக வாங்காமல், அந்த நிறுவனத்தின் பங்காக வாங்கிக்கொள்வது என்று முடிவு செய்திருக்கிறீர்கள். பங்கு ஒன்றுக்கு 10 ரூபாய். அறிவிப்பு வந்த நேரத்தில் சந்தையில் அதே பங்கு 7 ரூபாய்க்கும் கீழே கிடந்தது. 2023 பிப்ரவரியில் 16,133 கோடி ரூபாய் வட்டிப் பாக்கியையும் அதே 10 ரூபாய் விலையில்தான் பங்காக மாற்றினீர்கள். இரண்டையும் கூட்டினால் 53,083 கோடி. அந்த நிறுவனத்தில் 48.99 சதவீதம் இப்போது அரசுக்கு. அதாவது, கணக்குப்படி எங்களுக்கும்.

நான் ராமேசுவரம் தீவில், தங்கச்சிமடத்தில் ஒரு ஐஸ் கம்பெனியில் கணக்கு எழுதுகிறவன். பங்குச் சந்தையைப் பற்றி ஐஸ் கம்பெனிக் கணக்குப்பிள்ளைக்கு என்ன தெரியும் என்று கேட்கலாம். கடனைப் பற்றித் தெரியும். படகு கடலுக்குப் போகும்போது ஐஸ் ஏற்றிக்கொண்டு போகும், காசு கரைக்கு வந்த பிறகுதான். மீன் பட்டால் கைக்கு வரும், படாவிட்டால் பேரேட்டில் ஏறும். யார் எப்போது நொடித்தார், நொடித்த பிறகு யார் பணம் முதலில் திரும்பியது, யார் பணம் திரும்பவே இல்லை என்பதெல்லாம் என் கையெழுத்தில் இருக்கிறது. இப்போது மீன்பிடித் தடைக்காலம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாளைக்கு விசைப்படகு ஓடாது, ஐஸ் உடைக்கும் மிஷினும் ஓடாது. பாக்கிப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் நேரத்தில் எழுதுகிறேன். நீங்கள் மதுரையில் பிறந்தவர், மொழிபெயர்த்துச் சொல்ல ஆள் வேண்டாம் என்பது எனக்கு வசதி.

36,950 கோடி எவ்வளவு பெரிய தொகை என்று எங்கள் ஊரில் சொல்ல எனக்கு ஒரு அளவு கிடைத்திருக்கிறது. இந்த மாதம் 6ஆம் தேதி பிரதமர் வந்து புதிய பாம்பன் ரயில் பாலத்தைத் திறந்து வைத்தார். 550 கோடிக்கு மேல் செலவு என்றார்கள். நல்ல காரியம், கண்ணுக்கு முன்னால் நிற்கிறது, ரயில் போகிறது. நீங்கள் பங்காக மாற்றிக்கொண்ட தொகைக்கு அப்படிப் பாலம் அறுபதுக்கு மேல் கட்டலாம். டீக்கடையில் இதைச் சொன்னபோது ஒருவர், “அத்தனை பாலம் கட்ட இங்கே கடல் ஏது?” என்றார். சிரித்துவிட்டோம். சிரிப்பு அடங்கினதும் அவரே, “சரி, அந்தக் காசு இப்ப யாரு கையில இருக்கு?” என்று கேட்டார். அந்தக் கேள்வியைத்தான் உங்களிடம் கொண்டு வந்திருக்கிறேன்.

10 ரூபாய் விலைக்கு நீங்கள் சட்டத்தைக் காட்டுவீர்கள். பங்கின் முகமதிப்பு, அதாவது அதில் எழுதிய விலை, 10 ரூபாய்; அதற்குக் குறைவாகப் புதுப் பங்கு வெளியிடக் கம்பெனிச் சட்டம் விடாது. சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் 7 ரூபாய்ச் சரக்கை 10 ரூபாய் கொடுத்துத்தான் எடுக்க முடியும் என்று ஆகிவிட்டால், எடுக்கிறவர் கூடவே நாலு நிபந்தனை போட மாட்டாரா? 3,695 கோடி பங்கு, பங்குக்கு 3 ரூபாய் என்று வைத்தாலும் 11,000 கோடி அன்றைக்கே போய்விட்டது. அதற்குப் பதிலாக நாட்டுக்கு என்ன கிடைத்தது என்று செய்தி முழுக்கத் தேடினேன். நிறுவனத்தை நடத்தும் அதிகாரம் பழைய முதலாளிகளிடமே தொடரும் என்று அந்த நிறுவனம் பங்குச் சந்தைக்கு எழுதிக் கொடுத்த வரிதான் கிடைத்தது. 51 சதவீதம் ஆகியிருந்தால் சட்டப்படி அது அரசு நிறுவனம், தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் உள்ளே வந்து கணக்குப் பார்ப்பார். 48.99 என்பதால் அதுவும் இல்லை. பணம் போட்டவர்களில் பெரியவர் அரசு. கேள்வி கேட்க இடமில்லாதவரும் அரசுதான்.

கம்பெனிகளைக் காப்பாற்றவே கூடாது என்று சொல்ல நான் இதை எழுதவில்லை. அந்த நிறுவனம் மூடினால் தனியாரில் இரண்டே பேர் மிஞ்சுவார்கள், அப்புறம் ரீசார்ஜ் விலை அவர்கள் வைத்ததுதான். 20 கோடிக்கு அருகில் அதற்கு வாடிக்கையாளர்கள். தனுஷ்கோடிப் பக்கம் போனால் போன் தானாக இலங்கை டவரைப் பிடித்துக்கொண்டு அந்த நாட்டுக்கு வரவேற்பு சொல்லும். இங்கே நல்ல சிக்னலும் போட்டியும் வேண்டும் என்பதில் எங்களைவிட ஆசை யாருக்கும் இருக்காது. பி.எஸ்.என்.எல். நிறுவனத்துக்கு 2019, 2022, 2023 என்று மூன்று தவணையில் சுமார் 3.22 லட்சம் கோடி ரூபாய்க்குத் திட்டம் போட்டீர்கள். அதற்கும் நான் குறை சொல்லவில்லை, அது நம் சொத்து. ஆனால் அங்கேயும் முதல் திட்டத்தோடு 78,000 பேருக்கு மேல் விருப்ப ஓய்வில் வெளியே போனார்கள் என்பதை மறக்கக் கூடாது. நிபந்தனை வேலைக்காரர் பக்கத்துக்கு வந்த அளவுக்கு வேறு எந்தப் பக்கத்துக்கும் வந்ததாகத் தெரியவில்லை.

யெஸ் வங்கி விஷயத்தை எடுத்துக்கொள்வோம். 2020 மார்ச் 5 அன்று அந்த வங்கியில் 50,000 ரூபாய்க்கு மேல் எடுக்க முடியாது என்றார்கள். எங்கள் பக்கத்து இறால் வியாபாரி ஒருவருக்கு அதில் நடப்புக் கணக்கு. இரண்டு வாரம் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. 18ஆம் தேதி கட்டுப்பாட்டை எடுத்தார்கள். பாரத ஸ்டேட் வங்கி தலைமையில் மற்ற வங்கிகள் பணம் போட்டன. பழைய நிர்வாகம் போனது, 100 பங்குக்கு மேல் வைத்திருந்தவர்கள் தங்கள் பங்கில் முக்கால் பங்கை மூன்று வருஷத்துக்கு விற்க முடியாதபடி பூட்டுப் போட்டார்கள். டெபாசிட் போட்ட யாருக்கும் ஒரு ரூபாய் போகவில்லை. ஆக, எந்த வரிசையில் காப்பாற்ற வேண்டும் என்பது உங்கள் அதிகாரிகளுக்குத் தெரிகிறது. செய்யவும் முடிகிறது. வேண்டும் என்று நினைத்தால்.

இனி எங்கள் கரையில் ஒரு கம்பெனி நொடித்தால் என்ன நடக்கிறது என்று பாருங்கள்.

இங்கே நண்டு கம்பெனிகள் உண்டு. படகில் வரும் நண்டை அவித்து, சதையைப் பிரித்து, டப்பாவில் அடைத்து வெளிநாட்டுக்கு அனுப்புவார்கள். சதை எடுப்பது முழுக்கப் பெண்கள். எவர்சில்வர் மேசையைச் சுற்றி உட்கார்ந்து, சின்னக் கத்தியால் ஓட்டைப் பிளந்து, பின்கால் பக்கத்துக் கட்டிச் சதை உடையாமல் எடுக்க வேண்டும். அது உடையாமல் வந்தால் ‘ஜம்போ’, அதற்குத்தான் விலை. உடைந்தால் கீழ் ரகத்தில் போட்டுவிடுவார்கள். நாள் முழுக்க ஈரத்தில் இருந்து விரல் வெளுத்துச் சுருங்கியிருக்கும், ஓடு கிழித்த கோடு எல்லோர் கட்டைவிரலிலும் இருக்கும். கூலி கிலோ கணக்கில். பிரித்த சதையை நிறுத்து ஒரு சின்ன நோட்டில் எழுதிக் கொடுப்பார்கள். சம்பளச் சீட்டு, பி.எஃப்., இ.எஸ்.ஐ. எதுவும் கிடையாது. அந்த நோட்டுதான் ஆதாரம்.

அப்படி ஒரு கம்பெனி ஒரு நாள் காலையில் திறக்கவில்லை. எந்தக் கம்பெனி என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும், அதனால் பெயர் வேண்டாம். வெளிநாட்டில் வாங்குகிறவர் பணம் அனுப்பவில்லை என்றார்கள், விலை விழுந்துவிட்டது என்றார்கள். எதுவோ. பல வாரக் கூலி பாக்கி. நண்டு போட்ட நாட்டுப்படகுக்காரர்களுக்குப் பாக்கி. எங்கள் ஐஸ் கம்பெனிக்கு மூன்றரை லட்சம் பாக்கி. கொஞ்ச நாளில் கடன் கொடுத்த வங்கி வந்து கேட்டில் நோட்டீஸ் ஒட்டியது. கடன் கட்டாதவரின் அடமானச் சொத்தை வங்கியே எடுத்துக்கொள்ள விடும் சர்ஃபேசி சட்டப்படி, கட்டடமும் மிஷினும் வங்கியின் வசம் என்று. கேட்டுக்கு வெளியே அந்த அக்காமார் நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்கள். உள்ளே இருந்த அதிகாரி ஒருவர் வெளியே வந்து, “உங்க பேரு எதுலயாவது இருக்காம்மா?” என்று கேட்டார். அவர் மோசமானவர் இல்லை, நிஜமாகவே தேடிப் பார்த்தார். எதிலும் இல்லை.

உங்கள் திவால் சட்டம், 2016ல் வந்தது, தொழிலாளர்களை மறந்துவிடவில்லை என்பதை நான் படித்துத் தெரிந்துகொண்டேன். ஒரு நிறுவனத்தைக் கலைத்தால், தொழிலாளர்களின் 24 மாதச் சம்பளப் பாக்கிக்கு அடமானம் வைத்துக் கடன் கொடுத்த வங்கிகளோடு சம வரிசை கொடுத்திருக்கிறது. எழுத்தில் பார்த்தால் நல்ல சட்டம். ஆனால் பதிவேட்டில் பெயர் இருந்தால்தானே தொழிலாளி? நண்டு உடைக்கிற பெண்கள் எந்த வரிசையிலும் இல்லை. கடைசி வரிசையில்கூட இல்லை.

சரக்குக் கொடுத்த எங்களுக்கு வரிசை உண்டு, ஆனால் கதவு இல்லை. ராமநாதபுரத்தில் ஆடிட்டரிடம் போய்க் கேட்டோம். பாக்கி 1 லட்சம் இருந்தாலே முன்பெல்லாம் திவால் மன்றத்துக்குப் போகலாம், 2020 மார்ச்சில் அதை 1 கோடி ஆக்கிவிட்டார்கள் என்றார். ஊரடங்கில் சின்னக் கம்பெனிகள் வழக்கில் மாட்டக் கூடாது என்று செய்த மாற்றம். காரணம் நியாயமானது. ஊரடங்கு போய் எத்தனை காலம் ஆகிவிட்டது, 1 கோடி மட்டும் அப்படியே நிற்கிறது. 1 கோடி ரூபாய்க்கு ஐஸ் கடன் கொடுக்க வேண்டுமானால் நாங்கள் கடலையே உறைய வைக்க வேண்டும். சிவில் கோர்ட்டுக்குப் போங்கள் என்றார் ஆடிட்டர். போகவில்லை. அந்தப் பக்கம் அந்தக் கம்பெனியின் முதலாளி தூத்துக்குடியில் வேறு பெயரில், உறவினர் பெயரில், தொழில் தொடங்கிவிட்டார். போன வருஷம் அங்கிருந்து ஆள் வந்து, எங்களிடமே ஐஸ் விலை கேட்டார்கள்.

படகுக்காரர் ஒருவர் கதையும் இதே புத்தகத்தில், வேறு பக்கத்தில் இருக்கிறது. ராமேசுவரத்தில் விசைப்படகு வைத்திருந்தவர். மீன் துறையில் டோக்கன் வாங்கி, சட்டப்படி கடலுக்குப் போனவர். படகை இலங்கைக் கடற்படை பிடித்துக்கொண்டு போனது. எல்லை தாண்டினாரா இல்லையா என்ற வழக்குக்குள் நான் போகவில்லை. பாக் நீரிணை எவ்வளவு ஒடுக்கம் என்று உங்களுக்குத் தெரியும், கடலடியை வாரி இழுக்கும் இழுவைமடி வலை அந்தக் கடலை என்ன செய்திருக்கிறது என்பதும் எங்களுக்குத் தெரியும். 2018ல் அங்கே சட்டத்தைத் திருத்திய பிறகு பிடிபட்ட படகு திரும்புவது அரிதாகிவிட்டது. ஆட்கள் வந்துவிட்டார்கள், படகு இலங்கையின் மயிலிட்டித் துறைமுகத்தில் நிற்கிறது, வெயிலில் பலகை விரிந்து. வாங்கிய கடன் மட்டும் இங்கே. மிஷின் மாற்றக் கடன், வலைக் கடன், எல்லாவற்றுக்கும் மேலாக மனைவியின் நகையை வைத்து ஒரு வங்கியில் வாங்கிய கடன்.

நகைக்கடன் ஒரு வருஷக் கெடு. இரண்டு முறை வட்டி கட்டித் திருப்பி வைத்தார். மூன்றாம் முறை முடியவில்லை. வங்கியில் போய்க் கேட்டார், படகு வெளிநாட்டுத் துறைமுகத்தில் இருக்கிறது, ஒரு வருஷம் பொறுக்க முடியுமா என்று. மேலாளர், “கடனுக்கும் படகுக்கும் சம்பந்தம் இல்லையே” என்றார். அது உண்மைதான், அவர் விதிப்படி. ஏல அறிவிப்பு பத்திரிகையில் வந்தது. பொடி எழுத்தில், கடன் எண்ணும் அவர் மனைவியின் பெயரும் கணவர் பெயரும் ஊரும் சேர்த்து. தெரு முழுக்கப் படித்தது. அந்த அம்மா அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகூடக் கோயிலுக்கு வரவில்லை.

வோடபோன் ஐடியாவுக்கு 2021ல் நான்கு வருஷம் பாக்கி கட்ட வேண்டாம் என்று அவகாசம் கொடுத்தீர்கள். அந்த நான்கு வருஷம் முடிகிற நேரத்தில் பாக்கியையே பங்காக மாற்றிக்கொண்டீர்கள். படகுக்காரர் நான்கு வருஷம் கேட்கவில்லை, ஒரு வருஷம் கேட்டார்.

இந்த இடத்தில் உங்கள் துறையில் சொல்லும் பதிலும் எனக்குத் தெரியும். சிறியவர்களுக்கும் தள்ளுபடி கிடைக்கிறதே என்பீர்கள். கிடைத்தது. தமிழ்நாட்டு அரசு 2021ல் கூட்டுறவு வங்கிகளில் 5 பவுன் வரை வைத்த நகைக்கடனைத் தள்ளுபடி செய்தது, எங்கள் தெருவிலும் சிலர் பயனடைந்தார்கள். அதற்கு எத்தனை சல்லடை வைத்து அரித்தார்கள் என்று வரிசையில் நின்றவர்களைக் கேளுங்கள். ரேஷன் கார்டு, ஆதார், வீட்டில் அரசு வேலையில் யாராவது உண்டா, மொத்த நகை 40 கிராமைத் தாண்டுகிறதா என்று ஒவ்வொன்றாக. தாண்டியிருந்தால் முழுக்கவே கிடையாது. அந்தச் சல்லடையை நான் குறை சொல்லவில்லை, ஊர்க் காசு, அரித்துத்தான் கொடுக்க வேண்டும். 53,083 கோடியை எந்தச் சல்லடையில் அரித்தீர்கள் என்றுதான் கேட்கிறேன்.

தள்ளுபடியால் கட்டுகிற பழக்கம் கெட்டுப்போகும் என்று ரிசர்வ் வங்கிக்காரர்கள் விவசாயக் கடன் வரும்போதெல்லாம் எச்சரிப்பார்கள். அது சரியான பேச்சுதான். எங்கள் ஊர்ச் சீட்டில் முதல் மாதம் ஏலம் எடுத்தவர் கட்டாமல் விட்டு, சீட்டுப் பிடிக்கிறவர் அதை மற்றவர் பணத்தில் சரிக்கட்டினால், அடுத்த மாதமே இன்னும் இரண்டு பேர் கட்ட மாட்டார்கள். ஆனால் இந்த எச்சரிக்கை உழவருக்கும் மீனவருக்கும் மட்டும் ஏன் வருகிறது? கெட்டுப் போகிற பழக்கம் பெரிய முதலாளிக்குக் கிடையாதா? லாபம் வந்த வருஷம் எனக்கு, நஷ்டம் வந்த வருஷம் நாட்டுக்கு என்று தெரிந்துவிட்டால், அலைக்கற்றை ஏலத்தில் தாங்க முடியாத விலைக்குக் கேட்க யார் பயப்படுவார்?

வங்கிகள் 2014-15 முதல் 2023-24 வரை பத்து வருஷத்தில் 16.35 லட்சம் கோடி ரூபாய் வாராக்கடனைக் கணக்கிலிருந்து நீக்கியதாக உங்கள் அமைச்சகம் போன மாதம் நாடாளுமன்றத்தில் பதில் சொன்னது. அதில் பெரிய தொழில், சேவை நிறுவனங்களுடையது மட்டும் 9.27 லட்சம் கோடி. இது தள்ளுபடி இல்லை, கணக்கில் செய்யும் நீக்கம், வசூல் தொடரும் என்று நீங்கள் ஒவ்வொரு முறையும் விளக்குகிறீர்கள். நான் கணக்கு எழுதுகிறவன், அந்த வித்தியாசம் எனக்குப் புரியும். நானும் சில பாக்கியைப் பழைய புத்தகத்தில் விட்டு, புதுப் புத்தகத்துக்குக் கொண்டு வராமல் இருந்திருக்கிறேன். எனக்குப் புரியாதது வேறு. அந்தப் பெரிய கடன்காரர்களின் பெயரை வெளியிட மாட்டோம் என்று ரிசர்வ் வங்கி உச்ச நீதிமன்றம் வரைக்கும் போய் வாதாடியது. 2015ல் நீதிமன்றம் கொடுக்கச் சொல்லித் தீர்ப்பளித்த பிறகும் அது சுலபமாக வரவில்லை. மூன்று பவுன் சங்கிலிக்குப் பெயரும் ஊரும் பத்திரிகையில் வருகிறது. பல நூறு கோடிக்கு ரகசியம்.

நிபந்தனை போட்டால் முதலீடு வராது, சந்தை பயப்படும் என்பார்கள். அமெரிக்காவில் 2009ல் ஜெனரல் மோட்டார்ஸை அரசுப் பணத்தில் காப்பாற்றினார்கள். மேற்கொண்டு பணம் கொடுக்கும் முன்பே அதன் தலைமை அதிகாரியைப் பதவி விலகச் சொன்னார்கள். பழைய பங்குதாரர்களின் பங்குக்கு மதிப்பே இல்லாமல் போனது. ஓய்வுபெற்ற தொழிலாளர்களின் மருத்துவ நிதிக்குப் புதுக் கம்பெனியில் பங்கு கிடைத்தது. அரசுக்கு கடைசியில் சுமார் 1,100 கோடி டாலர் நஷ்டம்தான், ஆனாலும் அந்த நஷ்டம் யாருக்காக என்று அவர்களால் சொல்ல முடிந்தது. அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம். 2021ல் ஏர் இந்தியாவை டாடாவுக்கு விற்க முடிவு செய்தபோது, ஒரு வருஷத்துக்கு யாரையும் வேலையை விட்டு அனுப்பக் கூடாது என்று நீங்களே நிபந்தனை போட்டீர்கள். அந்த விற்பனையில் 46,262 கோடி ரூபாய்க் கடனை நாட்டின் தலையில் விட்டீர்கள் என்பது தனிக் கதை. ஆனால் நிபந்தனை போட முடியும் என்பதற்கு அது சாட்சி.

எங்களுக்கே போட்டிருக்கிறீர்களே! 2017ல் பிரதமர் ராமேசுவரம் வந்தபோது தொடங்கிய ஆழ்கடல் படகுத் திட்டம். படகு 80 லட்சம். 50 சதவீதம் ஒன்றிய அரசு, 20 சதவீதம் மாநில அரசு, 20 சதவீதம் வங்கிக் கடன், மீதி 10 சதவீதம் படகுக்காரர் கையிலிருந்து. அதற்குப் பதிலாகப் பாக் நீரிணையில் ஓட்டும் இழுவைப்படகை அவர் விட்டுவிட வேண்டும். தொழிலையே மாற்ற வேண்டும், ஒரு நாளில் திரும்பிய ஆள் வாரக்கணக்கில் கடலில் கிடக்க வேண்டும், தெரியாத தூண்டில் தொழிலைக் கற்க வேண்டும். என்னைக் கேட்டால் அது சரியான நிபந்தனை. நொடித்துப்போகிற தொழிலுக்கு ஊர்க் காசு வேண்டுமென்றால், பழைய மாதிரியே நடத்த விடக் கூடாது. எதிர்பார்த்த அளவுக்குப் படகு இறங்கவில்லை, இறக்கியவர்களில் சிலர் கடனோடு தவிக்கிறார்கள், அதெல்லாம் இன்னொரு மடலுக்கு. இங்கே நான் காட்டுவது ஒன்றைத்தான். 56 லட்சம் மானியத்துக்குப் பழைய படகையே விடச் சொன்ன அரசு, 53,083 கோடிக்கு எதையும் விடச் சொல்லவில்லை.

காப்பாற்றாமலும் மூடாமலும் விடுவது இன்னொரு கொடுமை. பரமக்குடி பக்கம் கமுதக்குடியில் தேசியப் பஞ்சாலைக் கழகத்தின் நூற்பாலை இருக்கிறது. உங்கள் அரசின் சொந்த ஆலை. 2020 மார்ச்சில் ஊரடங்குக்காக நிறுத்திய மிஷின், நிறுத்தினது நிறுத்தினதுதான். ஓட்டுகிறோம் என்றோ மூடுகிறோம் என்றோ ஒரு வார்த்தை சொன்னால், அந்தத் தொழிலாளி வேறு வேலை தேடவாவது போவார்.

அமைச்சர் அவர்களே, நான் கேட்பவை இவை.

வோடபோன் ஐடியாவில் 53,083 கோடியைப் பங்காக மாற்றியதற்கான முழு ஆவணத்தையும் நாடாளுமன்றத்தில் வையுங்கள். என்ன விலையில், எந்த ஆலோசனையின் பேரில், எப்போது விற்று வெளியே வருவதாகத் திட்டம் என்று. அரசின் பங்கு கைமாறும் வரை அந்த நிறுவனம் ஈவுத்தொகை கொடுக்கக் கூடாது, உயர் அதிகாரிகளின் சம்பளத்துக்கு உச்சவரம்பு வேண்டும், வருஷா வருஷம் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் கணக்குப் பார்க்க வேண்டும். 51 சதவீதம் இல்லாவிட்டாலும், பணம் வாங்குகிற கம்பெனி கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் இதெல்லாம் முடியும். இனி எந்தத் தனியார் நிறுவனத்துக்குப் பொதுப் பணம் போனாலும், முதலில் நஷ்டம் முதலாளிக்கு, கடைசியில்தான் தொழிலாளிக்கு என்பதைச் சட்டமாகவே எழுதுங்கள்.

திவால் மன்றத்துக்குப் போக 1 கோடி என்ற வரம்பைச் சின்னச் சப்ளையர்களுக்கும் கூலிக்காரர்களுக்கும் எடுத்துவிடுங்கள். அங்கே கூட்டம் தாங்காது என்றால், மாவட்டத்துக்கு ஒரு அதிகாரியை வைத்து ஆறு மாதத்தில் தீர்ப்புச் சொல்லச் சொல்லுங்கள். ஒரு கம்பெனியை வங்கி கையகப்படுத்தும் நாளில், பதிவேட்டில் பெயர் இல்லாத கூலிக்காரர்களின் பாக்கியையும் தொழிலாளர் துறை ஊரில் வந்து விசாரித்துப் பட்டியல் எடுக்க வேண்டும், கிலோ எழுதிய சின்ன நோட்டை ஆதாரமாக ஏற்க வேண்டும், வங்கி ஏலம் விடும் பணத்திலிருந்து முதலில் அதைக் கொடுக்க வேண்டும். நண்டு கம்பெனியில் ஒரு பெண்ணின் பாக்கி வங்கியின் வட்டியில் தூசு.

அப்புறம், உடனடியாகச் செய்யக்கூடியது ஒன்று. இலங்கையில் படகு பிடிபட்டவர்களின் பட்டியல் மீன் துறையிடம் இருக்கிறது. அந்தக் குடும்பங்களின் படகுக் கடனுக்கும் நகைக்கடனுக்கும், நீங்கள் 2021ல் தொலைபேசிக் கம்பெனிக்குக் கொடுத்த அதே நான்கு வருஷ அவகாசத்தைக் கொடுக்கும்படி வங்கிகளுக்கு எழுதுங்கள். தள்ளுபடி வேண்டாம். வட்டியை நிறுத்தி வைத்து, ஏலத்தை நிறுத்தினால் போதும். ஜூன் 15 அன்று படகு மறுபடி இறங்கும், அதற்கு முன்னால் மே மாதத்தில் வங்கிகளின் அடுத்த ஏலப் பட்டியல் வரும். உத்தரவு அதற்குள் வர வேண்டும்.

இப்படிக்கு,
ஐஸ் கம்பெனிக் கணக்காளர்,
தங்கச்சிமடம், ராமநாதபுரம் மாவட்டம்.
ஏப்ரல் 2025